புதுப்பிப்பு: மிரர்லெஸ் கேமரா வாங்கி மூன்று மாதம்

பழைய டிஎஸ்எல்ஆரை (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) விற்றுவிட்டு, லட்ச ரூபாய்க்குள் 26 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (படம் பதியும் சென்சார் நடுத்தர அளவு) மிரர்லெஸ், அதாவது அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன்.

கேமராவுக்குள்ளேயே இருக்கும் அதிர்வுத் தடுப்புக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. வேலூர் கோட்டை அகழி ஓரம், விளக்கு போடும் நேரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் 1/4 செகண்ட் திறந்திருக்க, கையில் பிடித்தே ஐந்து படம். மூன்றில் மதில் கல் இடுக்கு வரை தெளிவு. நடந்துபோகிறவர்கள் மட்டும் கலங்கலாகத்தான் வருவார்கள், அதற்கு ஷட்டர் இன்னும் வேகமாகத் திறந்து மூட வேண்டும்.

ஏமாந்தது சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை (திரை அசையாமல் சென்சாரே படம் பதிவது) நம்பி. காட்பாடியில் அக்கா மகள் கல்யாணம், மேடை முழுக்க எல்இடி. பெண் முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு! சென்சார் வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் விளக்கு பலமுறை மின்னிவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு (நிஜத் திரை திறந்து மூடுவது) மாற்றியதும் சரியாகிவிட்டது. அதற்குள் முகூர்த்தம் முடிந்திருந்தது, அக்காவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அப்புறம், பேட்டரி இரண்டாக வாங்குங்கள்.