ஸ்டெனோ எந்திரத்தின் ‘ஸ்ட்ரோக்’: தட்டா, கொத்தா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நீதிமன்றத்தில் பேச்சை ஆங்கிலத்தில் வேகமாகப் பதியும் ஸ்டெனோ எந்திரத்தைப் பழகுவோருக்கு நாம் தமிழில் எழுதும் மாணவர் கையேட்டின் வரைவில் ‘ஸ்ட்ரோக்’ வரும் இடமெல்லாம் ‘தட்டு’ என்று இருக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

ஸ்டெனோ எந்திரத்தில் எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை. இடக்கை விரல்கள் அசையின் முதல் மெய்யையும், கட்டைவிரல்கள் உயிரையும், வலக்கை விரல்கள் கடைசி மெய்யையும் ஒரே நேரத்தில் அழுத்தும். எல்லா விரலும் எழுந்த பிறகுதான் எந்திரம் அதை ஒன்றாகப் பதியும். தொடக்கத்தில் வரும் ‘இஸட்’ ஒலி ஒன்றுக்கே எஸ், டி, கே, பி, டபிள்யூ என ஐந்து விசை வேண்டும். இந்த முழு அழுத்தத்தைத் ‘தட்டு’ என்றால், ஒற்றை விசையைத் தட்டுவதற்கு என்ன பெயர்? ‘இந்தச் சொல்லுக்கு இரண்டு தட்டு’ என்று படிப்பவர் இரண்டு விசை என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘கோடு’ என்பதை பிட்மன் சுருக்கெழுத்துக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ‘வீச்சு’ அரிவாளுக்குத்தான் பொருந்தும்.

என் பரிந்துரை ‘கொத்து’. சாவிக்கொத்து, பூங்கொத்து என்று பல சேர்ந்து ஒன்றானதைத்தானே அப்படிச் சொல்கிறோம். பிழைகளுக்குப் பெயர் வைத்துப் பார்த்தால் இதன் வசதி தெரியும். வேகம் கூடும்போது முதல் கொத்தின் விரல்கள் முழுதும் எழுமுன்பே அடுத்த கொத்தின் விரல்கள் இறங்கிவிடும். எந்திரம் இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பதியும். அது ‘ஒட்டுக்கொத்து’. பக்கத்து விசையில் விரல் உரசி வேண்டாத எழுத்து நுழைந்தால் ‘நிழல் விசை’. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒட்டுக்கொத்து வந்தால் வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்து, அழுத்துவதை விட்டு விரல் எழுவதைக் கவனித்துப் பழக வேண்டும். நிழல் விசைக்கு எந்திரத்தில் விசையின் ஆழத்தையும் இறுக்கத்தையும் திருத்தலாம். சாதாரண விசைப்பலகையில் பிளோவர் என்ற ஸ்டெனோ மென்பொருளை ஓட்டுபவருக்கு அந்த வசதி கிடையாது, விரல் நிற்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். பலகையும், எத்தனை விசை சேர்த்து அழுத்தினாலும் அத்தனையையும் கணினிக்கு அனுப்புவதாக இருக்க வேண்டும். மலிவான பலகைகள் சிலவற்றை விழுங்கிவிடும், மாணவர் தன் விரலையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

நகரியிலிருந்து:

அண்ணா, ‘கொத்து’ என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் பரோட்டாதான் நினைவுக்கு வரும். அதை விட்டுவிடலாம், சொல் எனக்குச் சம்மதம். ஆனால் ‘பர்சனல் டிக்ஷனரி’க்கு ‘சொந்தப் பொருளகராதி’ என்று வரைவில் இருப்பதை ஏற்க முடியாது. அதில் பொருளே கிடையாது. இந்தக் கொத்து வந்தால் இந்த எழுத்துகளைத் திரையில் போடு என்கிற பட்டியல்தான் அது. ‘தன் கொத்தகராதி’ என்று வைக்கலாம்.

அந்த அதிகாரத்தில் எச்சரிக்கை போதவில்லை. மென்பொருள் எப்போதும் நீளமான பொருத்தத்தையே எடுக்கும். தேனி என்ற ஊருக்கு ஆங்கில ‘தென்’, ‘ஹீ’ இரண்டின் கொத்துகளை அடுத்தடுத்துப் போட்டு ஒரு மாணவர் சேர்த்துவிட்டார் என்று வையுங்கள். அன்று முதல் சாட்சி ‘தென் ஹீ வென்ட்’ என்னும்போதெல்லாம் ‘தேனி வென்ட்’ என்று விழும். சாட்சியத்தில் இதைவிட அடிக்கடி வரும் தொடர் எது? ஒரு கொத்தில் நட்சத்திர விசையைச் சேர்த்துத் தனியாக்கினால் மோதல் தீரும். புதிதாக ஒன்றைச் சேர்க்குமுன் அதன் துண்டுகள் தனித்தனிச் சொற்களா, அவை பேச்சில் அடுத்தடுத்து வருமா என்று பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

நம் எல்லைப் பகுதிக்கு இன்னொன்றும் வேண்டும். கேரளத்துப் பாலக்காட்டில் ஒரு சித்தூர், எங்கள் ஆந்திரத்தில் ஒரு சித்தூர். ஒலி ஒன்று, ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. கேரளத்தில் சான்றாவணம் ‘எக்ஸ்ட். பி1’, இங்கே ‘எக்ஸ். பி1’. நில ஆவணம் என்றால் அங்கே தண்டப்பேர், இங்கே அடங்கல், பட்டாதார் பாஸ்புக். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டினால் குழப்பம்தான். பிளோவரில் பல அகராதிகளை அடுக்கலாம். மேலே இருப்பதற்கே முன்னுரிமை. மாநிலத்துக்கு ஒரு கோப்பு வைத்து, வேலைக்குத் தக்கபடி ஒன்றை இயக்கி மற்றதை அணைத்தால், ஒரே கொத்து அந்தந்தச் சித்தூரைச் சரியாகத் தரும். ஒரே வழக்கில் இரண்டு ஊரும் வந்தால் மட்டும் ஒன்றுக்கு நட்சத்திரம்.

அகராதிக் கோப்பு ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவில் இருக்கும். கையால் திருத்தும்போது ஒரு காற்புள்ளி விடுபட்டால் அகராதி முழுவதும் ஏறாது. திருத்துமுன் நகல் எடுத்து வையுங்கள்.

மறையூரிலிருந்து:

இரண்டு அண்ணன்மாரும் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஒரு சேர்க்கை மட்டும்: பிழையாக விழுந்த கொத்தையே சரி என்று அகராதியில் ஏற்றும் பழக்கத்தைக் கையேடு கண்டிக்க வேண்டும். அன்றைக்குத் திரை சுத்தமாகத் தெரியும். பிறகு அதே கொத்து வேறொரு நல்ல சொல்லுக்குத் தேவைப்படும்போது அடைத்துக்கொண்டு நிற்கும். வெவ்வேறு ஒலிப்பதிவுகளில் மூன்று முறையாவது திரும்ப வந்து, தேடிப் பார்த்ததில் வேறு எதற்கும் உரியதல்ல என்று தெரிந்தால் மட்டும் ஏற்றலாம்.

நீண்ட சொல்லையோ தொடரையோ சுருக்கி எழுதும் கொத்தான ‘பிரீஃப்’ என்பதற்குக் ‘குறுங்கொத்து’ சரியாக அமைகிறது. வேக அதிகாரத்தில் அதற்கு வேலை நிறைய. அமெரிக்காவில் நீதிமன்ற ஸ்டெனோக்காரர்களுக்கான ஆர்பிஆர் சான்றிதழின் வேகத் தேர்வில் ஐந்தைந்து நிமிடமாக மூன்று பகுதிகள்: இலக்கிய உரை நிமிடத்துக்கு 180 சொல், ஜூரிக்கான அறிவுரை 200, கேள்வி-பதில் 225. ஒவ்வொன்றிலும் 95 விழுக்காடு சரியாக இருக்க வேண்டும். 225 என்றால் மொத்தம் 1125 சொல், பொறுக்கப்படும் பிழை சுமார் 56. அந்த வேகத்தில் ஒரு சொல்லை அழித்துத் திருத்துவது கட்டாது. அழிக்க ஒரு கொத்து, திரும்ப எழுத ஒன்று என்று செலவழிப்பதற்குள் இரண்டு சொல் தப்பிவிடும். விட்டது விட்டதாகவே போகட்டும், அடுத்த சொல்லைப் பிடிக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

பயிற்சி முறையையும் சேர்க்கலாம். இலக்கு 160 என்றால் 180-இல் ஒரு நிமிடத் துண்டுகளை எழுதிவிட்டு, பிறகு 160-க்கு இறங்கி ஐந்து நிமிடம் எழுதுவது. முடிந்ததும் பிழைகளை மட்டும் எண்ணாமல், விரல் தயங்கிய சொற்களையும் குறித்து, அவற்றின் கொத்துகளைத் தனியாகப் பழகுவது. தயக்கம் பிழையாகத் தெரியாது, ஆனால் அடுத்து வரும் விடுபாட்டுக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

நம் பக்கத்து அமர்வு நீதிமன்றங்களின் போக்கு வேறு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவின்படி சாட்சியம் பொதுவாகக் கேள்வி-பதிலாக இல்லாமல் விவரிப்பாகவே பதியப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. சாட்சி தமிழில் சொல்வதைக் கேட்டு நீதிபதி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதும்போது வேகம் விட்டுவிட்டு வரும், ஆனால் சட்டத் தொடர்கள் நீளமாக வரும். ஆகவே இங்கே குறுங்கொத்து தனிச்சொற்களைவிடத் தொடர்களுக்குத்தான் அதிகம் வேண்டும்.

‘அன்ட்ரான்ஸ்லேட்’ இன்னும் பாக்கி. அகராதியில் இல்லாததால் வெறும் விசையெழுத்துகளாகவே திரையில் நிற்பது. ‘ஏறாக் கொத்து’ என்று வைத்திருக்கிறேன். வேறு இருந்தால் எழுதுங்கள்.