நட்டோவை எப்படித்தான் சாப்பிடுவது? விடுதியில் தினமும் வைக்கிறார்கள்

பாலா_டோக்கியோ:
வேலைக்காக டோக்கியோ வந்து நிறுவன விடுதியில் தங்கியிருக்கிறேன். காலையில் சோறு, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் வைத்த சூப், கூடவே சின்ன தெர்மாகோல் டப்பாவில் நட்டோ. புளிக்க வைத்த சோயா பீன்ஸ்தான் என்கிறார்கள். மூடியைத் திறந்ததுமே ஒரு வாடை வருகிறது பாருங்கள், எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது. ஒரு வாய் எடுத்தால் நூல் நூலாகத் தாடி வரை இழுக்கிறது. எதிரில் உட்காரும் பெரியவர் மட்டும் ரசித்துச் சாப்பிடுகிறார். நான் சைவம். மீன், கறி தொடாதவனுக்கு இங்கே டோஃபுவை விட்டால் இதுதான் என்பதால் பழகிக்கொள்ளப் பார்க்கிறேன். வழி உண்டா? எண்ணெயில் தாளித்தால் வாடை அடங்குமா?

மித்தோ_கல்யாணி:
தம்பி, நான் இருப்பது நட்டோவுக்குப் பேர்போன மித்தோவில். கல்யாணமாகி வந்ததிலிருந்து இதோடுதான் குடித்தனம், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சைவம் என்றீர்களே, முதலில் அதைப் பார்ப்போம். டப்பாவுக்குள் இரண்டு குட்டிப் பொட்டலங்கள் இருக்கும். ஒன்று கடுகு விழுது, பயமில்லை. இன்னொன்று தாரே, இனிப்பு கலந்த சோயா சாஸ். அதில் பெரும்பாலும் காய்ந்த மீன் சாறு சேர்ந்திருக்கும். அதை ஒதுக்கிவிட்டு வெறும் சோயா சாஸ் சில சொட்டு விட்டுக்கொள்ளுங்கள். உங்கள் விடுதி மிசோ சூப்பும் அநேகமாக மீன் சாற்றில்தான் வைத்திருப்பார்கள், சமையல்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் நட்டோவைத் தனியாக வாயில் போடாதீர்கள். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் மாதிரி அது சோற்றுக்குத் துணை. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வெடுக்கென்று இழுத்தால் நூல் சட்டையெல்லாம் பறக்கும். தாளின் நடுவில் குச்சியை வைத்து அழுத்தி, அப்படியே சுழற்றிச் சுருட்டி எடுங்கள், நூலும் அதோடு வந்துவிடும். சாஸ் விடுவதற்கு முன்னாலேயே நன்றாகக் கிளறுங்கள். நூல் வெண்ணிறமாகி நுரைத்து வரும்போது சாஸ், கடுகு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் சேருங்கள். கடுகும் வெங்காயத்தாளும் பாதி வாடையைத் தின்றுவிடும். வேகவைத்து நறுக்கிய வெண்டைக்காயும் போடுவார்கள், வழவழப்போடு வழவழப்பு! எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், என் வீட்டுக்காரருக்கு ஆகாது. சாப்பிடும்போது கிண்ணத்தை வாயருகே தூக்கிக்கொள்ளுங்கள். குச்சியை ஒரு சுற்றுச் சுற்றினால் நூல் அறுந்துவிடும்.

ஆவி பறக்கும் சோற்றில் போடாதீர்கள், சூட்டில் வாடை இன்னும் கிளம்பும். தாளிப்பும் அதே கதை. நட்டோ போட்டு வறுத்த சோறு இங்கே உண்டு, வறுத்தால் பிசுக்கும் குறையும். ஆனால் வறுக்கும் நேரத்தில் விடுதி முழுக்க உங்கள் பெயர்தான் அடிபடும்.

கடையில் வாங்கினால் மூன்று டப்பா சேர்ந்த கட்டு நூறு யென் சொச்சம். ஒரு டப்பா நாற்பது ஐம்பது கிராம்தான். சின்னப் பருப்பாகப் பாருங்கள், அல்லது தோல் நீக்கி உடைத்த ஹிகிவாரி. தேதியையும் பாருங்கள். ஃபிரிட்ஜில் இருந்தாலும் அது மெல்லப் புளித்துக்கொண்டேதான் இருக்கும். நாளாக ஆக அம்மோனியா நெடி ஏறும், பல்லில் நறநறவென்று வெள்ளைத் துகள் படும்.

மித்தோ பக்கம் வந்தால் வைக்கோலில் கட்டியது கிடைக்கும், ரயில் நிலையத்திலேயே விற்கிறார்கள். முன்பு வைக்கோலைக் கொதிநீரில் போட்டெடுத்து அதில் வெந்த சோயாவைக் கட்டுவார்களாம். மற்ற கிருமிகள் செத்துப்போகும், நட்டோ பாக்டீரியாவின் வித்து மட்டும் கொதிநீருக்கும் அசையாது. 40 டிகிரி வாக்கில் ஒரு நாள் வைத்தால் நூல் விட்டுவிடும். இப்போது தொழிற்சாலையில் பாக்டீரியாவைத் தெளித்து டப்பாவிலேயே புளிக்க விடுகிறார்கள். வைக்கோல் கட்டில் மணம் தூக்கல், முதல் தடவைக்கு வேண்டாம்.

ஓசாகா_செந்தில்:
அக்கா சொன்ன பிறகு எனக்கென்ன வேலை! ஒன்று மட்டும். பிடிக்கவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். ஓசாகா இருக்கும் எங்கள் கன்சாய் பக்கத்தில் பிறந்து வளர்ந்த ஜப்பானியர்களிலேயே மூக்கைப் பொத்துகிறவர்கள் நிறைய. சாகே என்ற அரிசி மது காய்ச்சும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் அந்தப் பருவத்தில் நட்டோ பக்கமே போகமாட்டார்கள், அந்த பாக்டீரியா புகுந்தால் சாகேக்காக அரிசியில் வளர்க்கும் கோஜி பூஞ்சை கெட்டுவிடும். நான் ரொட்டியில் பரப்பி, மேலே சீஸ் வைத்து டோஸ்ட் செய்வேன். சோற்றைவிட எனக்கு அதுதான் இறங்குகிறது.

மருந்தாளுநர்_ரேவதி:
யாரும் சொல்லாததால் சொல்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் நட்டோவைத் தொடவே கூடாது. இதில் வைட்டமின் கே மிக அதிகம், மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். காலையில் நட்டோ, ராத்திரி மாத்திரை என்று இடைவெளி விட்டாலும் பலனில்லை, அதன் விளைவு சில நாள் நீடிக்கும். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் அவர்கள் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பாலா_டோக்கியோ:
நன்றி அக்கா, சாஸில் மீன் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. இன்று சோயா சாஸும் கடுகும் போட்டு ஆறிய சோற்றோடு சாப்பிட்டேன், முழு டப்பாவும் காலி. பிடித்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் நாளைக்கும் எடுப்பேன். கிண்ணம் கழுவத்தான் உயிர் போகிறது, ஸ்பாஞ்செல்லாம் பிசுபிசு.

மித்தோ_கல்யாணி:
ஸ்பாஞ்சை உடனே வைக்காதீர்கள் தம்பி. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் பிசுக்கு தானாகக் கரையும், அதைக் கொட்டிவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள்.