செட்டாப் பாக்ஸ் வந்த பிறகும் படம் ஏன் கலங்கித் தெரிகிறது?

வைகைக்கரை:
வணக்கம். 2017ஆம் ஆண்டு இறுதி வரை எங்கள் வீட்டில் பெட்டி இல்லாத பழைய அனலாக் கேபிள்தான். 21 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சியில் அவ்வப்போது புள்ளி பறந்தாலும், படம் கண்ணுக்கு இதமாகவே இருந்தது. இப்போது செட்டாப் பாக்ஸும் 40 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சியும் இருந்தும் நிறைவு இல்லை. கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது மைதானம் முழுவதும் பச்சைச் சாயம் பூசியது போலாகிவிடுகிறது. பந்து நின்ற பிறகுதான் புல் மறுபடி முளைக்கிறது. குறை பெட்டியிலா, தொலைக்காட்சியிலா, கேபிள் லைனிலா?

லைன்மேன்:
ஐயா, நான் கேபிள் வேலையில் இருப்பவன். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் மூன்றுமே காரணமாகத் தோன்றவில்லை. லைனில் கோளாறு இருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது திரை அப்படியே நின்றுவிடும். அசைவு வந்தால் மட்டும் புல் மறைகிறது என்றால், கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையிலேயே படத்தை அளவுக்கு மீறிச் சுருக்கி அனுப்புகிறார்கள் என்று பொருள். முன்பு ஒரே ஒரு அனலாக் சேனல் போன 8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இடத்தில் இப்போது நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் தரவை அனுப்ப முடியும். அதற்குள் 20 சேனல்களை அடைத்தால் ஒன்றுக்கு 2 மெகாபிட்கூட மிஞ்சாது. செய்தி வாசிப்பவர் அசையாமல் அமர்ந்திருப்பதால் அவருக்கு அது போதும். காட்சி நொடிக்கு நொடி மாறும் விளையாட்டுக்குப் போதாது. அனலாக்கில் உங்கள் தெருவரைக்கும் வந்த கம்பி படத்தைக் கெடுத்தது. டிஜிட்டலில் படத்தின் தரம், அது புறப்படும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்தான் போகிறதா என்றும் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அதற்கு மாற்றினால் எழுத்துகளின் விளிம்பாவது தெளியும்.

பழைய ஆன்டெனா:
அனலாக்கை இவ்வளவு புகழ வேண்டியதில்லை என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் அதிர்வெண் கூடிய கடைசி வரிசைச் சேனல்கள் எல்லாம் மணல் தூவியது போலவே வரும். ஒவ்வொரு முகத்துக்கும் வலப்பக்கத்தில் ஒரு நிழல் முகம் நிற்கும். கேபிளை டிஜிட்டலுக்கு மாற்றச் சொல்லும் சட்டத் திருத்தம் 2011இலேயே வந்து, சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 வரை கெடு வைத்தும், வழக்குகளால் சென்னையில் அது தள்ளிப்போனது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததே 2017இல்தான். காத்திருந்த காலத்தில் நாம் பெரிய திரை வாங்கிவிட்டோம். சேனல்களோ இன்னும் பெரும்பாலும் எஸ்.டி. என்னும் சாதாரணத் தெளிவில்தான் வருகின்றன. எஸ்.டி. படத்தில் 720க்கு 576 புள்ளிகள்; முழு எச்.டி. என்னும் உயர் தெளிவில் 1920க்கு 1080, அதாவது சரியாக ஐந்து மடங்கு. இல்லாத நான்கு பங்கையும் தொலைக்காட்சி ஊகித்துத்தான் நிரப்புகிறது. பழைய படக்குழாயோ சிறியது. அதன் இயல்பான மழுப்பலே குறைகளை மறைத்துவிட்டது.

இன்னொன்று, அகலம் குறைந்த பழைய 4:3 வடிவப் படத்தை அகலத் திரை முழுவதும் இழுத்து வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். கதாநாயகிகள் எல்லாரும் ஒரே மாதத்தில் பருத்துப்போனதாக என் அத்தை வெகு நாள் வருந்திக்கொண்டிருந்தார்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. மஞ்சள் ஒயரை எடுத்துவிட்டு எச்.டி.எம்.ஐ. போட்டேன், கீழே ஓடும் செய்தி வரியைக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது, ஆனால் புல் அப்படியேதான் மறைந்தது. பிறகு எங்கள் கேபிள்காரர் எச்.டி. பெட்டி ஒன்றை ஒரு வாரத்துக்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதே விளையாட்டின் எச்.டி. சேனலில் பந்து ஓடும்போதும் புல் நிலைத்து நிற்கிறது. மாதக் கட்டணம் கூடும் என்பதால் வீட்டில் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.