புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் பழகிய காலம்: பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

கீரனூர்ப் பக்கம், அன்றைய அறிவொளித் தொண்டர்

தொண்ணூறுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் கேபிள் டிவி, எஸ்.டி.டி. பூத், 91-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை என்றுதான் பேச்சு போகிறது. புதுக்கோட்டைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் சைக்கிளைச் சொல்வார்கள். அதுவும் பெண்கள் ஓட்டிய சைக்கிள். நேரில் பார்த்தவர்கள், ஓட்டியவர்கள், ஓட்டக் கூடாது என்று மல்லுக்கு நின்றவர்கள்கூட அவரவர் அனுபவத்தை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

1990-ல் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று பெயர் வாங்கியது. அடுத்த வருஷமே, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்யாணம் பேசும் வரை வீட்டில் இருந்த என்னைப் போன்ற பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தோம். பகலெல்லாம் களை பறித்துவிட்டு வந்த பெண்கள் சோறாக்கி இறக்கி, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார ராத்திரி எட்டு மணி தாண்டிவிடும். அரிக்கேன் விளக்கைச் சுற்றி வகுப்பு நடக்கும்.

இதில் சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தொண்டர் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும், பஸ்ஸோ காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அவ்வளவுதான் காரணம். அப்புறம் கலெக்டர் சைக்கிள் பழகுவதையும் அறிவொளியின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டார். பெண்கள் சைக்கிள் வாங்க பேங்கில் கடன் கொடுக்க ஏற்பாடு ஆனது. நர்சுகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், டீச்சர்கள் என்று வேலைக்கு அலைகிற பெண்கள் முதலில் ஏறினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் ஏறினார்கள்.

பழகியது பள்ளிக்கூட மைதானத்தில், நிலா வெளிச்சத்தில். பகலில் பழகினால் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு வந்துவிடும். சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, முந்தானையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். இரண்டு பேர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவோம். கையை எடுத்தது தெரியாமல் அந்தம்மா பேசிக்கொண்டே போகும். திரும்பிப் பார்த்தால் ஆளில்லை என்றதும் அங்கேயே தொப்பென்று விழும். சின்னப் பிள்ளைகள் மாதிரி குரங்குப் பெடல் போட்டுப் பழகச் சேலை இடம் கொடுக்காது. அதனால் நேராக சீட்டில் ஏறித்தான் பழக வேண்டும்.

லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது ஏகத் தட்டுப்பாடு. கிடைத்ததெல்லாம் பார் வைத்த ஆம்பிளை சைக்கிள்தான். ஆரம்பத்தில் அதற்காகக் கூச்சப்பட்டவர்கள், கொஞ்ச நாள் போனதும் லேடீஸ் சைக்கிளே வேண்டாம் என்றார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், ஹேண்டில்பாரில் தூக்குச் சட்டி. இப்படி ஒரு அம்மா கண்மாய்க் கரையில் வருவதைப் பார்த்தால் நமக்குத்தான் பதறும், அது பாட்டுக்குப் போகும்.

1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை டவுனுக்குள் கொடி கட்டிய சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அந்த மணிச் சத்தத்தைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஆலங்குடி, வாடகை சைக்கிள் கடைக்காரர் மகன்

நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடையில் நோட்டு எழுதுவது என் வேலை. அப்பாவுக்கு எழுத வராது. பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம் என்று நான்கு கட்டம்.

பெண்கள் வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தபோது பெயரில்தான் சிக்கல். கேட்டால் வீட்டுக்காரர் பெயரைச் சொல்வார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டேன் என்று சிலர் பக்கத்தில் நிற்கிற பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். நானும் ‘இன்னார் வீட்டம்மா’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு அம்மா நோட்டை என் கையிலிருந்து வாங்கி, தன் பெயரைத் தானே எழுதிவிட்டுப் போனது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டத்தை விட்டு வெளியே நீண்டு, கீழ்வரி வரைக்கும் இறங்கிக் கிடந்தது. ராத்திரி அப்பா கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது நோட்டை வாசித்துக் காட்டினேன். “அவுக பேரு இதானா?” என்றார். பல வருஷமாக எங்கள் கடைக்கு எதிரே பூ விற்ற அம்மா அது.

எதிர்ப்பும் இருந்தது. பொம்பளைகளுக்கு வண்டி விட்டால் கடையைக் காலி பண்ண வைப்பேன் என்று ஒருத்தர் வந்து கத்தினார். அப்பா பதில் பேசவில்லை. அடுத்த மாசம் அதே ஆள் வீட்டுப் பெண் வந்து வண்டி எடுத்தபோதும் பேசவில்லை. அவருக்கு வாடகை வந்தால் சரி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஆம்பிளைகள் பெடலை உடைத்துக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டு நைசாகப் போய்விடுவார்கள். இவர்கள் விழுந்தால் விழுந்தேன் என்று சொல்லிவிடுவார்கள். பஞ்சர் ஒட்டவே சில பேர் அப்பாவிடம் கற்றுக்கொண்டார்கள். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடை இப்போது இல்லை. மொபெட்டும் பைக்கும் பெருகியதும் வாடகை சைக்கிள் எடுக்க ஆள் ஏது.

ஊர்ப் பெயர் வேண்டாம்

நீங்கள் எழுதுவதெல்லாம் உண்மைதான். ஆனால் சைக்கிள் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி ஓடவில்லை. நான் காலனியிலிருந்து வந்தவள்.

எங்கள் அப்பாவிடம் சைக்கிள் இருந்தது. மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். தெரு முனையில் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, அந்தக் கோடி வரை தள்ளிக்கொண்டே போய், திரும்ப ஏறுவார். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அதே தெரு டீக்கடையில் எங்களுக்கு கிளாஸ் தனியாக இருந்தது, அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

அறிவொளி வந்தபோது எங்கள் காலனிக்கு நான்தான் தொண்டர். ஒன்றிய அளவில் ஒரு சைக்கிள் ஊர்வலம் வைத்தார்கள், எங்கள் ஊர் வழியாகத்தான் பாதை. முன்னால் பறை, பின்னால் அதிகாரிகளின் ஜீப். நடுவில் பல ஊர்ப் பெண்களோடு பெண்களாக நானும் ஊர்த்தெருவில் சைக்கிளில் உட்கார்ந்தே போனேன். திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எந்தப் பெண் எந்தத் தெரு என்று அந்தக் கூட்டத்தில் அவர்களால் பிரித்துப் பார்க்க முடிந்ததா, தெரியாது.

மறுநாள் தனியாகப் போனேன். “ஏ பிள்ளை, நேத்து கலெக்டரு ஊர்வலம், இன்னிக்கு என்ன ஊர்வலம்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு கண்மாய்க் கரை சுற்றுப் பாதையில் போக ஆரம்பித்தேன். தூரம் அதிகம், மழைக்காலத்தில் சேறு. ஆனாலும் இறங்காமல் போகலாம். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அந்தக் கரையில்தான் பழகினார்கள். அது எங்கள் ரோடாகவே ஆகிவிட்டது.

ஊர்த்தெரு எப்போது மாறியது என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போன எங்கள் பையன்கள் பொங்கலுக்கு வரும்போது இறங்கவில்லை. ஒரு தடவை அடிதடி ஆனது, சமாதானக் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் சைக்கிள் பற்றி ஒரு பேச்சும் இல்லை, தேர் வடம் பற்றியே பேசினார்கள். அதற்குப் பிறகு இறங்கச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அப்பா மட்டும் கடைசி வரை இறங்கித்தான் போனார். “பழகிப்போச்சு, விடு” என்பார்.

1997-ல் மதுரை மாவட்டம் மேலவளவில், தலித் என்பதால் பஞ்சாயத்துத் தலைவரையே பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டிய சமயம் அது. எங்கள் ஊருக்கும் மேலவளவுக்கும் ஒன்றும் பெரிய தூரமில்லை. தொண்ணூறுகளை நினைத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகிறது.

குடுமியான்மலைப் பக்கம்

எங்கள் அம்மா கல்குவாரியில் வேலை பார்த்தது. பெண்கள் குழுக்களுக்கே குவாரியைக் குத்தகைக்கு விட்டார்கள் அந்தச் சமயத்தில். வீட்டிலிருந்து குவாரிக்கு நடந்தால் விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். சைக்கிள் வந்த பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டுப் போகிற அளவுக்கு நேரம் கிடைத்தது. பெரிய விஷயம் இல்லைதான், ஆனால் எனக்கு அந்தக் காலத்தில் அதுதான் நினைவிருக்கிறது.

திருமயம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1992-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் நானும் பங்கெடுத்தவன்தான். ஆனால் சில வருஷம் கழித்து அதே பெண்களில் பலர் பத்திரத்தில் கைநாட்டு வைத்ததையும் பார்த்தவன். படிக்க வீட்டில் ஒரு தாள் இல்லை, எழுத ஒரு தேவை இல்லை, வகுப்பு நடத்திய பெண்ணோ கல்யாணமாகிப் போய்விட்டது. எழுத்து எப்படித் தங்கும்? தொடர்கல்வி என்று பின்னால் திட்டங்கள் வந்தன. முதல் வருஷத்து வேகம் அவற்றில் இல்லை.

சைக்கிளையும் ரொம்பப் புகழ வேண்டாம். முன்பு சந்தைக்குப் புருஷன் போவான், ரேஷனுக்கு மாமனார் போவார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட யாராவது போவார்கள். மருமகளுக்குச் சைக்கிள் வந்ததும் எல்லாம் அவள் தலையில் விழுந்தது. “உனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமே” என்று சொல்லிவிட்டு ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்கள். என் வீட்டிலும் இதே கதைதான், அதனால் சொல்கிறேன்.

கீரனூர்ப் பக்கம், அன்றைய அறிவொளித் தொண்டர்

ஐயா சொல்வதை மறுக்க மாட்டேன். எழுத்து விஷயத்தில் அவர் சொல்வது முழுக்கச் சரி. நான் சொல்லிக்கொடுத்தவர்களிலேயே பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வராதவர்கள் இருக்கிறார்கள். கண்மாய்க் கரையைப் பற்றி எழுதிய சகோதரிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் பயிற்சி முகாம்களில் சேலை செயினில் மாட்டாமல் இருக்க யோசனை சொன்னோம், பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தோம். தெருவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

வேலை கூடியது என்பதை மட்டும் பாதிதான் ஒத்துக்கொள்வேன். வேலை முன்பும் அவளுடையதுதான். சந்தைக்குப் புருஷன் போவான் என்கிறீர்கள் ஐயா, அவன் எப்போது போவான்? விளைந்த வெண்டைக்காயைப் பறித்து வைத்துவிட்டு அவனுக்காகக் காத்திருக்க வேண்டும். வர மாட்டான், காய் முற்றிவிடும். பஸ்ஸில் போகலாம் என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டும், மூட்டை ஏற்ற கண்டக்டரிடம் கெஞ்ச வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் துணைக்கு ஆள் வரும் வரை வாசலையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். சைக்கிள் வந்ததும் நின்றது இந்தக் காத்திருப்பு. வருமானத்தைவிட இதைத்தான் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

2001-க்குப் பிறகு அரசே பள்ளி மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. இன்று அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு, இலவச சைக்கிள் வந்த பிறகுதான் கிராமத்துப் பெண்கள் ஓட்டினார்கள் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கினார்கள் அல்லவா? என்னிடம் படித்த ஒரு அம்மா ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்தது. வழக்கம்போல வேலையெல்லாம் வீட்டுக்காரர் கையில்தான். போஸ்டரில் அவர் படம் பெரிசு, அந்தம்மா படம் சின்னது. முதல் கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றார். பொண்டாட்டி ஓட்டுகிற சைக்கிளில் கேரியரில் உட்காருவதா என்று அவருக்கு ரோஷம். அந்தம்மா, சரி, நீங்கள் பஸ்ஸில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு மிதித்துவிட்டது. அன்றைக்கென்று பஸ் வரவில்லை. அவர் எப்படியோ ஒன்றிய அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து, அந்தம்மா வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு, வெளியே சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தது. திரும்பும்போது கேரியரில் உட்கார்ந்துதான் வந்தார். ஊர் எல்லை வந்ததும் குதித்து இறங்கிக்கொண்டாராம்.