டிப்ரெஷன் இருக்கும்போதே வாழ்க்கையில் பிடிப்பு வருமா?

வைகைக்கரை:
தம்பிக்கு வயது 23, மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம். தூக்கமும் பசியும் தேறிவிட்டன. ஆனாலும் "எதுக்கு எழுந்திருக்கணும்?" என்கிறான். ஆர்வம் வந்ததும் ஏதாவது செய்யட்டும் என்று காத்திருக்கிறோம். சரிதானா?

நிழற்குடை:
காத்திருக்க வேண்டாம். இந்த நோயில் செயல்தான் முதலில், ஆர்வம் அதன் பின்னால்தான் வரும். பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்கிற சிகிச்சைமுறையே இதை வைத்துத்தான். 1970களில் பீட்டர் லெவின்சன் போன்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்தது.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு 40 பக்க நோட்டில் என்ன செய்தான் என்று மணிக்கு ஒரு வரி, பக்கத்தில் இரண்டு எண்: சந்தோஷம் 10க்கு எத்தனை, செய்து முடித்த நிறைவு 10க்கு எத்தனை. அப்போதைக்கப்போதே எழுத வேண்டும். ராத்திரி மொத்தமாக எழுதினால் சோர்வு எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிடும். காபி டம்ளரைக் கழுவி வைத்ததற்கு சந்தோஷம் 0, நிறைவு 3 என்று வரலாம். அந்த 3 இருக்கிறதே, அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

அடுத்த வாரம், "வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்" என்ற பேச்சே வேண்டாம். அது ஒரே யோசனையில் சுழல வைக்கும். "யாருக்கு உதவினா உனக்கு நல்லாருக்கும்?" என்று கேளுங்கள். வீட்டுக் குழந்தைக்கு என்றால், "பாடம் சொல்லிக்கொடு" என்பது மலை. சாயங்காலம் நாலரைக்கு இரண்டு கணக்கு, பத்து நிமிடம், அவ்வளவுதான். பலருக்குக் காலைப்பொழுதுதான் மோசம், அதனால் புதிதாக எதையும் அப்போது வைக்காதீர்கள்.

மருந்துச்சீட்டு:
ஒன்று சேர்க்கிறேன். மாத்திரையின் பலன் முழுசாகத் தெரிய 4 முதல் 6 வாரம், சிலருக்கு அதற்கும் மேல். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். "நல்லாயிட்டேன்" என்று திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். நோயும் திரும்பலாம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும், கூடவே இருங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்தாலோ, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்), இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தெற்குவாசல்:
"வெளியே போய்ட்டு வாயேன்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "கடைக்குப் போறேன், செருப்பை மாட்டு" என்று கூட்டிப்போங்கள். முடிவெடுப்பதே அவனுக்குப் பெரும் பாரம்.

வைகைக்கரை:
நன்றி. நாலு நாள் செய்துவிட்டு விட்டுவிட்டால்?

நிழற்குடை:
நடுவில் விடத்தான் செய்வான். திட்டாதீர்கள். நோட்டைப் பார்த்தால் காரணம் தெரியும்: பெரும்பாலும் அளவு கூடியிருக்கும், இல்லை முந்தைய ராத்திரி தூங்கியிருக்க மாட்டான். மறுநாள் பாதி அளவில் தொடங்குங்கள், ஒரே ஒரு கணக்கு.