இரும்பு, அலுமினியப் பெட்டியில் வட்டமில்லாத ஓட்டை: சி14 சாக்கெட், டிபி9, எல்சிடி

தகரப்பெட்டி:

வணக்கம். பெஞ்ச் பவர் சப்ளைக்குப் பெட்டி தயார். பின் தகடு 18 கேஜ் இரும்பு (1.2 மிமீ), மேலே பவுடர் கோட்டிங். முன் தகடு 3 மிமீ அலுமினியம். பின்னால் ஐஇசி சி14 மெயின்ஸ் சாக்கெட்டும் (கம்ப்யூட்டர் பவர் கேபிள் மாட்டும் வகை) டிபி9-உம் (D வடிவ 9 பின் கனெக்டர்) வர வேண்டும், முன்னால் 16×2 எல்சிடி (16 எழுத்து, 2 வரி காட்டும் திரை). மூன்றுமே வட்டமில்லை. இருப்பது ஹேண்ட் ட்ரில், ஹாக்சா, வைஸ், ஊசி அரம் ஒரு செட். வீணான இரும்புத் தகட்டில் 12 மிமீ பிட் போட்டுப் பார்த்தால் ஓட்டை வட்டமாகக்கூட வரவில்லை, மூன்று மூலையாக வருகிறது. எங்கே தப்பு? எந்த வரிசையில் வெட்டுவது?

அரமும்_கரமும்:

முதலில் அந்த மூன்று மூலை. பிட்டின் கூர் தகட்டைத் துளைத்து மறுபக்கம் போனபிறகும் அதன் விளிம்புகள் முழுதாகத் தகட்டுக்குள் இறங்கியிருக்காது. 1.2 மிமீ தகட்டில் பிட்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் அது அலைகிறது. 5 மிமீக்கு மேல் ஸ்டெப் பிட் (படிப்படியாக அகலும் கூம்பு பிட்) தான் சரி. சாதா பிட் என்றால் தகட்டுக்குக் கீழே பலகை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையில் பிடித்தபடி மட்டும் துளைக்க வேண்டாம். பிட் கவ்வினால் தகடு சுழன்று விரலை அறுத்துவிடும்.

கனெக்டர், எல்சிடி எதுவானாலும் வெர்னியர் வைத்து அளந்துவிட்டு ஆரம்பியுங்கள். 16×2 எல்சிடியின் போர்டு 80×36 மிமீ, ஸ்க்ரூ துளைகள் 75×31 என்பதில் பெரிய மாற்றம் இருக்காது. ஆனால் மேலே உள்ள உலோகச் சட்டம் 71×24 என்று வரும், சிலதில் ஒரு மில்லி கூடும். தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் ஸ்க்ரைபரால் கோடு போடுங்கள். பென்சில் கோட்டின் தடிமனே அரை மில்லி வந்துவிடும்.

அந்த எல்சிடி ஓட்டைக்கு வழி சங்கிலித் துளைதான். கோட்டுக்கு 2 மிமீ உள்ளே இன்னொரு கோடு, அதில் 3.5 மிமீக்கு ஒரு சென்டர் பஞ்ச் குறி, எல்லாம் 3 மிமீ பிட். துளைக்கும் துளைக்கும் நடுவே அரை மில்லி நிற்கும், கோட்டுக்கும் அரை மில்லி மிச்சம். கிட்டத்தட்ட 50 துளை வரும், அலுப்பான வேலைதான். பஞ்ச் குறி தள்ளிப்போனால் பிட் பக்கத்துத் துளைக்குள் வழுக்கி உடையும். நடுத்துண்டைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள், தகடு வளையும். நடுவே நிற்கும் பாலங்களை ஹாக்சா பிளேடால் அறுத்து எடுங்கள். பிளேடை ஃப்ரேமிலிருந்து கழற்றி ஒரு முனையில் துணி சுற்றினால் கைப்பிடி ஆகிவிடும்.

பிறகு அரம். ஊசி அரத்தை மூலைக்கு மட்டும் வையுங்கள். நேர்ப் பக்கத்துக்கு 8 அங்குல பட்டை அரம் வேண்டும். ஊசி அரத்தால் நீளப் பக்கத்தை ராவினால் அலை அலையாக வரும். அலுமினியம் அரத்தின் பல்லில் அப்பிக்கொண்டு தகட்டில் கீறல் போடும், அதனால் அரத்தில் முதலிலேயே சாக்பீஸ் தேய்த்துவிடுங்கள். துளைக்கும்போது இரண்டு சொட்டு மண்ணெண்ணெய். கடைசி கால் மில்லிக்கு எல்சிடியை வைத்து வைத்துப் பார்த்து ராவுங்கள்.

சால்டர்_செல்வம்:

அண்ணன் சொன்னது சரிதான், ஆனா பின் தகட்டுக்கு அவ்வளவு மெனக்கெட வேணாம். 18 கேஜ் இரும்புக்கு ஹேண்ட் நிப்ளர் (தகட்டைத் துண்டு துண்டா கடிச்சு வெட்டற கை டூல்) போதும். 11, 12 மிமீக்கு ஒரு ஆரம்ப ஓட்டை, அதுல தலையை விட்டு கடிச்சிக்கிட்டே போங்க. கை வலிக்கும், அது வேற விஷயம். 3 மிமீ அலுமினியத்துல மட்டும் முயற்சி பண்ணாதீங்க, வாய் நுழையாது, நுழைஞ்சாலும் டூல் உடையும்.

டிபி9-க்கு D வடிவமா வெட்டணும்னு அவசியமே இல்லை. ரெண்டு மாதிரி மாட்டலாம். தகட்டுக்குப் பின்னாலிருந்து மாட்டினா D அச்சு அசலா, 10 டிகிரி சாய்வோட வரணும். தகட்டுத் தடிமன் அளவுக்குக் கனெக்டரும் உள்ளே போயிடும், கேபிள் முழுசா இறங்காது. வெளியிலிருந்து மாட்டினா அதோட ஃபிளாஞ்ச் (சுத்தி இருக்கிற தட்டை விளிம்பு, 30.8×12.5) ஓட்டையை மூடிடும், சாதா செவ்வகம் போதும். 20.5×11.4 வெட்டுங்க. பக்கவாட்டுல தாராளமா இடம் இருக்கு, ஆனா மேலயும் கீழயும் அரை மில்லிதான் மறைக்கும், அந்த ரெண்டு கோட்டுல மட்டும் கவனம். ஸ்க்ரூ துளை 25 மிமீ இடைவெளி, 3.2 பிட். அதுல வர்ற அறுகோண ஸ்க்ரூ 4-40 மரை (அங்குல அளவு மரை). தொலைஞ்சா எம்3 போட்டு ஒப்பேத்தலாம்னு நினைக்காதீங்க, ரெண்டு சுத்து போய் மரையைத் தின்னுடும்.

லேசர் கட்டிங் பட்டறைக்குக் கொடுக்கிறதா இருந்தா மடிச்ச பெட்டியைத் தூக்கிட்டுப் போகாதீங்க, தட்டையான தகடுதான் வாங்குவாங்க. முன் தகடு ஒண்ணுக்கு மட்டும் டிஎக்ஸ்எஃப் (கம்ப்யூட்டர் வரைபட ஃபைல்) வரைஞ்சு கொடுத்தா எல்சிடி ஓட்டை கத்தி மாதிரி வரும். கண்ணுக்குத் தெரியற பக்கம் அதுதானே.

தகரப்பெட்டி:

நன்றி இருவருக்கும். டிபி9 வெளியிலிருந்து மாட்டி சரியாக உட்கார்ந்துவிட்டது. சி14-இல் சொதப்பல். ஸ்நாப்-இன் வகை (ஸ்க்ரூ இல்லாமல் கொக்கியால் தகட்டைக் கவ்வுவது), 27×20-க்குப் பதில் அகலத்தில் ஒரு மில்லி கூடிவிட்டது. சாக்கெட் ஆடுகிறது. எபாக்சி போடலாமா?

எர்த்_வயர்:

எபாக்சி வேண்டாம். மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இணைப்பு இழுபடும். ஒருநாள் சாக்கெட் பிளக்கோடு வெளியே வந்துவிடும், அதன் பின்னால் 230 வோல்ட்.

ஓட்டை பெரிதானது மட்டும் காரணமாக இருக்காது. ஸ்நாப்-இன் சாக்கெட்டின் கொக்கி குறிப்பிட்ட தகட்டுத் தடிமனுக்கே செய்யப்பட்டது: 1, 1.5, 2, 3 மிமீ என்று தனித்தனி. 1.5-க்கானதை 1.2-இல் மாட்டினால் ஓட்டை துல்லியமாக இருந்தாலும் ஆடத்தான் செய்யும். ஸ்க்ரூ வகை சி14 வாங்குங்கள். இரண்டு துளைக்கு நடுவே 40 மிமீ, எம்3 கவுன்டர்சங்க் ஸ்க்ரூ (தலை குழிக்குள் இறங்கிவிடும் வகை). அதன் காதுகள் உங்கள் ஒரு மில்லியை மறைத்துவிடும். ஓட்டை இன்னும் மோசமாகப் போயிருந்தால் 60×40 அளவில் 2 மிமீ அலுமினியத் துண்டில் புதிதாக வெட்டி, பழைய ஓட்டையின்மேல் நான்கு ஸ்க்ரூவில் மாட்டுங்கள்.

இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. வெட்டும்போது பெட்டிக்குள் போர்டு எதுவும் இருக்கக் கூடாது. இரும்புத் தூளைக் காந்தம் எடுத்துவிடும், அலுமினியத் தூள் ஐசி கால்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடும்.

அடுத்தது எர்த். பவுடர் கோட்டிங் மின்சாரம் கடத்தாது, அனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேற்பரப்பும் அப்படித்தான். சாக்கெட் பக்கத்திலேயே தனியாக ஒரு எம்4 போல்ட், அதைச் சுற்றி 10 மிமீ அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி பளபளவென்று இரும்பு தெரிய வேண்டும். ஸ்டார் வாஷர், ரிங் டெர்மினல், நட் என்று இறுக்குங்கள். சாக்கெட்டின் ஸ்க்ரூவையோ டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டையோ எர்த்துக்குப் பயன்படுத்த வேண்டாம். முன் தகடு தனித் துண்டு என்பதால் அதற்கும் ஒரு பச்சை-மஞ்சள் வயர் போக வேண்டும். முடிந்ததும் சாக்கெட்டின் எர்த் பின்னுக்கும் இரண்டு தகடுகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள், 0.1 ஓமுக்குள் வர வேண்டும். மீட்டரின் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 காட்டும், அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.