அனுமதிப்பத்திரக் காணிக்கு முழு உறுதிப் பத்திரம் கொடுத்தால் கமத்தொழில் முன்னேறுமா, கமக்காரர் நிலமிழப்பாரா?

வயல்வரம்பு (கிளிநொச்சி) எழுதியது:

இரணைமடுக் குளத்தின் கீழ் என் தகப்பனாருக்கு அரசாங்கம் 3 ஏக்கர் வயலை அனுமதிப்பத்திரத்தில், அதாவது உடைமை அரசிடமே இருக்கப் பயிரிட இடம் தரும் பத்திரத்தில், வழங்கியது. அவர் காலமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகிவிட்டன. நாங்கள் நான்கு பிள்ளைகள். காணியைத் துண்டாடக் கூடாது என்பதால் மூத்த அண்ணனின் பெயரே பின்னுரித்தாளராக (தகப்பனாருக்குப் பின் காணிக்கு உரியவராக) பதியப்பட்டது. அவர் கொழும்பில் வேலை செய்கிறார். வயலில் இறங்கி உழுபவன் நான். இந்த நிலத்தைப் பிணையாக வைத்து உழவு இயந்திரம் வாங்க எனக்கு வழியில்லை. மழைக்கால நெற்செய்கையான ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் விதைநெல்லும் பசளையும் வாங்குகிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேரின் நிலை இதுதான்.

இலங்கையின் நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பங்கு இன்றும் அரசின் கையில் இருக்கிறது. குடியேற்றத் திட்டங்களில் நிலம் பெற்றவர்கள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டே வாழ்கிறார்கள். பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அவர்களால் எதையும் கைமாற்ற முடியாது. நாட்டில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கமத்தொழிலில் இருந்தும், தேசிய உற்பத்தியில் அதன் பங்கு பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. முதலீடு வராத இடத்தில் விளைச்சல் எப்படி உயரும்? வியட்நாமைப் பாருங்கள். கூட்டுப்பண்ணை முறையால் அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த அந்த நாடு, 1988 இல் நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் ஒப்படைத்தது. மறு ஆண்டிலேயே ஏறத்தாழ 14 இலட்சம் தொன் அரிசியை ஏற்றுமதி செய்தது. 1993 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குடும்பங்களுக்கு நிலத்தை ஈடு வைக்கவும் கைமாற்றவும் உரிமை கொடுத்தது. இங்கே 2024 இல் 20 இலட்சம் குடும்பங்களுக்கு முழு உறுதி, அதாவது முழு உடைமை தரும் காணிப் பத்திரம், வழங்குவதாகத் தொடங்கப்பட்ட 'உறுமய' திட்டம் அந்தத் திசையில் வைக்கப்பட்ட சரியான அடி என்பதே என் கருத்து. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

மட்டுநகர் ஆசிரியர் எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் நீங்கள் கேட்கும் மருந்து ஆபத்தானது.

நான் பிறந்தது போடியார்மார் வாழ்ந்த ஊரில். நூறு ஏக்கருக்கு மேல் வயல் வைத்திருந்தவர்கள் ஒரு புறமும், அவர்களிடம் விதைநெல்லைக் கடனாக வாங்கி, அறுவடையில் வட்டியோடு அளந்து கொடுத்துவிட்டு வெறும் சாக்கோடு வீடு திரும்பியவர்கள் மறு புறமுமாக இருந்த ஊர் அது. 1958 இல் அப்போதைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகையாளருக்குப் பாதுகாப்பும் குத்தகைக்கு உச்ச வரம்பும் விதித்தது ஏன் என்பதை எங்கள் பகுதி முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சட்டமும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை; வழக்குப் போட்டே பல குத்தகையாளர்களைக் கிளப்பிவிட்டார்கள். நிலம் தாராளமாகக் கைமாறும் இடத்தில் அது பணமுள்ளவரின் பக்கமே நகரும். இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை.

இன்னும் அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. தேவையான நேரத்தில் யூரியா வயலுக்கு வந்து சேரவில்லை. அறுவடை பெருமளவில் வீழ்ந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. அந்தப் போகத்தில் உங்கள் கையில் விற்கத்தக்க உறுதி இருந்திருந்தால், எத்தனை பேர் வயலை ஈடு வைத்திருப்பார்கள், எத்தனை பேர் மீட்டிருப்பார்கள்? கமக்காரர் செய்யாத பிழைக்காக அவரது நிலம் போயிருக்கும். பிறகு எவ்வளவு நட்டஈடு கொடுத்தாலும் அந்த வரம்பு திரும்பி வராது.

செம்மண் (யாழ்ப்பாணம்) எழுதியது:

இருவரும் ஒரு முக்கியமான சான்றை விட்டுவிட்டீர்கள். நீங்கள் கேட்கும் முழு உறுதி யாழ்ப்பாணத்தில் எங்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. விற்கலாம், ஈடு வைக்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம். அந்த உரிமை எங்கள் தோட்டங்களை நவீனமாக்கியதா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதில். சீதனத்தாலும் முதுசத்தாலும் (பரம்பரைச் சொத்துப் பங்கீட்டாலும்) நிலம் இரண்டு பரப்பு, மூன்று பரப்பு என்று துண்டுபட்டது; ஒரு பரப்பு என்பது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. உழவு இயந்திரம் திரும்பக்கூட இடமில்லாத தோட்டங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு.

எங்கள் தோட்டங்கள் உண்மையாகச் செழித்த காலம் 1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட ஆண்டுகள். அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டால் அப்போதைய அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விலை நிச்சயமானதும் துலா மிதித்து இறைத்தவர்கள் மண்ணெண்ணெய்ப் பம்புக்கு மாறினார்கள். படித்த பிள்ளைகளும் வன்னிக்குப் போய்க் காடு வெட்டி மிளகாய் நட்டார்கள். என் பெரியப்பா கல்வீடு கட்டியது மிளகாய்க் காசில். பிறகு 1977 இல் வந்த ஜே. ஆர். ஜெயவர்தனவின் அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டபோது விலை சரிந்தது. அதே உறுதியும் அதே கிணறும் எங்கள் கையில் இருந்தன. விலை மட்டும்தான் இல்லை. ஆகவே கமக்காரரை முதலீடு செய்யத் தூண்டுவது முதலில் விலை, பிறகு நீர், அதன் பிறகே பத்திரம்.

பம்பு வந்த பிறகு நாங்கள் செய்த தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே போடும் யூரியா கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக நாள் எடுக்காது. பல கிணறுகளில் இன்று குடிநீருக்குக் கேடான நைத்திரேற்று இருக்கிறது. நவீனம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும்.

வயல்வரம்பு எழுதியது:

செம்மண் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பாதியை மட்டும். இறக்குமதியைத் தடுத்து உயர்த்திய விலையைக் கொடுத்தவர் யார்? தோட்டத் தொழிலாளியும் கொழும்பில் நாட்கூலி செய்பவரும் அந்த மிளகாயை வாங்கிச் சமைத்தவர்கள்தான். அந்த ஏழு ஆண்டுகளில் பாணுக்கு வரிசையில் நின்றதை மறந்துவிட முடியாது. ஓர் அரசாங்கம் போட்டதும் அடுத்த அரசாங்கம் எடுத்ததுமான பாதுகாப்பு அது. அதை நம்பி இருபது ஆண்டுக் கடன் எடுக்க என்னால் முடியாது. நிலத்தின் மீதுள்ள உரிமை, ஆட்சி மாறினாலும் என்னோடு இருக்கும்.

ஆசிரியர் ஐயாவுக்கு: வியட்நாம் எல்லையில்லாமல் நிலத்தைக் கைமாற விடவில்லை. நிலத்தின் உடைமை இன்றும் அரசினுடையதே. 1993 ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுப் பயிருக்கான நிலத்தை 20 ஆண்டுக்கு, ஒரு குடும்பத்துக்கு அதிகமாக 3 ஹெக்டேர் என்ற உச்ச வரம்போடுதான் ஒதுக்கியது. உரிமையும் வேலியும் ஒன்றாகவே வர முடியும். போடியார் திரும்பி வருவார் என்ற பயத்தால் என்னை என்றென்றும் அரசின் குத்தகையாளனாக வைத்திருப்பது நியாயமா?

முள்ளியவளை எழுதியது:

நான் இங்கே வாசிப்பவளே தவிர எழுதுபவள் அல்ல. இந்த விவாதத்தில் எங்களைப் போன்ற பெண்களைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

எங்கள் 2 ஏக்கர் வயல் என் கணவரின் பெயரில் இருக்கிறது. 2009 இல் அவர் காணாமற்போனார். அனுமதிப்பத்திரம் இடம்பெயர்வில் போய்விட்டது. மரணச் சான்றிதழ் எடுத்தால் பெயரை மாற்றலாம் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். அவர் இறந்தார் என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பேன்? 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னர் காணாமற்போனமைச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றேன். அதைக் கொண்டுபோன போது இன்னொரு மேசையைக் காட்டினார்கள். மூன்று ஆண்டுகளாக அந்த மேசைகளுக்கு நடுவே நடக்கிறேன். வயல் வெள்ளத்தில் அழிந்த ஆண்டிலும், வயல் பதிவு உரிய பெயரில் இல்லை என்று சொல்லி நட்டஈட்டுப் பட்டியலில் என்னைச் சேர்க்கவில்லை.

அந்தப் பழைய சட்டம் இன்னொன்றும் செய்தது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் மகளுக்கு முன்னர் மகனுக்கே உரிமை என்றும், விதவை மறுமணம் செய்தால் காணியில் அவளுக்கு இருக்கும் உரிமை போய்விடும் என்றும் 1935 இல் எழுதி வைத்தார்கள். மகனுக்கு முதலிடம் கொடுத்த அந்த வரிசையை மாற்ற 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எத்தனை அக்காமார், தங்கைமார் அதற்குள் வயலை விட்டுப் போனார்களோ தெரியாது.

எனக்கு விற்கும் உரிமை வேண்டாம். என் பெயர் அந்தப் பத்திரத்தில் வேண்டும்.

மட்டுநகர் ஆசிரியர் எழுதியது:

சகோதரி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். என் முதற்பதிவில் நான் ஒரு வேறுபாட்டைச் செய்யத் தவறிவிட்டேன். பெயரில் பதிதல், ஈடு வைத்தல், விற்றல் ஆகிய மூன்றும் வெவ்வேறு உரிமைகள். உழுபவரின் பெயரில் பதிவது உடனே நடக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிவதே முறை. நான் எதிர்ப்பது மூன்றாவதை. இரண்டாவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

தயக்கத்தின் காரணத்தையும் சொல்கிறேன். கடன் கிடைத்தால் மட்டும் கமக்காரரின் வருமானம் உயராது. இப்போது வயலை அறுவடை இயந்திரம் ஓரிரு மணி நேரத்தில் வெட்டிக் கொடுத்துவிடுகிறது. ஈர நெல் ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் குவிகிறது. உலர்த்தத் தளம் இல்லை, வீதியில் பரப்புகிறோம். 2025 பெப்ரவரியில் 'நாடு' வகை நெல்லுக்குக் கிலோவுக்கு 120 ரூபாய் என்று அரசாங்கம் விலை குறித்தது. ஆனால் நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது ஈரப்பதன் நூற்றுக்கு 14 ஐத் தாண்டாத நெல்லை. மழையில் நிற்கும் கமக்காரர் அதை எங்கே போய்க் காயவைப்பார்? வயல்வெளிக்கே லொறியோடு வரும் வியாபாரியிடம் அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்கிறார். அந்த நெல் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. சில மாதங்களின் பின் அதே கமக்காரர் கடையில் அரிசியைக் கூடிய விலைக்கு வாங்குகிறார். இந்த இடத்தைச் சீர்திருத்தாமல் காணியைப் பிணையாக வைக்க அனுமதித்தால், கடன் மட்டும்தான் நவீனமாகும்.

வயல்வரம்பு எழுதியது:

ஐயா, உலர்த்தும் தளமும் களஞ்சியமும் வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அவற்றை யார் கட்டுவது? அரசாங்கம் கட்டும் என்று என் தகப்பனாரும் காத்திருந்தார். எங்கள் வாய்க்காலில் உள்ள பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் உலர்த்தும் இயந்திரம் வாங்க ஆசைப்பட்டோம். பிணைக்கு எதைக் காட்டுகிறீர்கள் என்பதுதான் எங்களிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி. பத்துக் குடும்பத்தின் வயலும் கண்முன்னே விரிந்து கிடந்தது; காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே என் கோரிக்கையைத் திருத்தி எழுதுகிறேன். பெயர் மாற்றம் உடனே நடக்கட்டும். ஈடு வைக்கும் உரிமை அரச வங்கிக்கும் கூட்டுறவுக்கும் மட்டும் என்று இருக்கட்டும். அழிவு அறிவிக்கப்பட்ட போகத்தில் தவணை தானாகவே தள்ளிப்போக வேண்டும். விற்பதானால், அதே குளத்தின் கீழ் வயல் செய்பவருக்கு மட்டும், ஒரு குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர் என்ற உச்ச வரம்போடு விற்க இடமளிக்கட்டும்.

செம்மண் எழுதியது:

உச்ச வரம்பைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர், மற்றக் காணிக்கு 50 ஏக்கர் என்று வரம்பு விதித்தது. மச்சான் பெயரிலும் பெறாமகன் பெயரிலும் எழுதித் தப்பியவர்களை எங்கள் தலைமுறைக்குத் தெரியும். இன்னொரு கேள்வி: சட்டம் தடுத்திருப்பதால் அனுமதிப்பத்திரக் காணிகள் கைமாறாமல் இருக்கின்றனவா? வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டிக் கைமாறிய வயல்கள் உங்கள் குளத்தின் கீழ் இல்லையா?

வயல்வரம்பு எழுதியது:

இருக்கின்றன. எங்கள் வாய்க்காலிலேயே மூன்று வயல்களை நான் அறிவேன். மூன்றும் சந்தை விலையில் பாதிக்கும் குறைவாகப் போயின, வாங்கியவர் ஒருவரே. எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் இப்போது தன்னுடைய பழைய வயலிலேயே நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிறார்.

மட்டுநகர் ஆசிரியர் எழுதியது:

அப்படியானால் நான் பயந்தது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதுவும் பதிவில்லாமல், கேட்பாரில்லாமல். இது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறதா, உங்கள் வாதத்துக்கா என்பதை நான் யோசிக்க வேண்டும். பெரும்போகத்துக்கு முன்னர் கமக்கார அமைப்பின் கூட்டம் நடக்குமல்லவா? அந்த மூன்று வயல்களையும் யார் பெயரும் சொல்லாமல் அங்கே எடுத்துப் பேசுங்கள். முள்ளியவளைச் சகோதரியின் பத்திரம் பற்றி எங்கள் பகுதியில் காணி விடயங்கள் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் நாளை கேட்டு, அவர் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முள்ளியவளை எழுதியது:

நன்றி ஐயா. சான்றிதழின் பிரதியும் பழைய நீர்வரி பற்றுச்சீட்டு ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. அந்தப் பற்றுச்சீட்டில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. அது பயன்படுமா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.